வாசல் மாறி நின்ற பூர்ஜ மரம்

மரம் முதன்முதலில் நின்றது தரகர் ஆவுடையப்பன் வீட்டு வாசலில். தை மாதத்துப் பனி பூண்டு வயல்களின் மேல் உப்புத் தூவியதுபோல் கிடந்த ஒரு காலையில், அவர் மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தபோது, முந்தின நாள் வரை கோழிகள் கிளறிக்கொண்டிருந்த இடத்தில், சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக, ஓட்டுக்கூரையைத் தாண்டி இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரம் நின்றது. அதன் பட்டை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகச் சுருண்டு காற்றில் சரசரத்தது, இலைகள் சின்னச் சின்னதாக, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தன. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோலம் போடும் நேரம் தப்பிக்கொண்டிருந்ததால், மரத்தைச் சுற்றியே புள்ளி வைத்துக் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போனாள்.

சேம்பவரை கொடைக்கானலுக்கும் மேலே, மினி பஸ் திரும்புகிற இடத்தோடு முடிந்துபோகிற ஊர். அறுபத்திரண்டு வீடு. பூண்டும் கேரட்டும் விளையும். மழை பெய்தாலும் அது யாருக்காகப் பெய்கிறது என்று யோசிக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், அதனால் மரம் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, யார் அனுப்பினார்கள் என்றுதான் கேட்டார்கள். பட்டா நிலத்துக்குள் காட்டு மரம் முளைத்துவிட்டதென்று காட்டி ஊரையே காலி செய்யச் சொல்வார்கள் என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கிளம்பிப்போய் வனக்காவலரைப் பிடித்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, இந்த மரம் இந்த மலையிலேயே கிடையாது, நீங்கள்தான் எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மரம் நான்கு வீடு தள்ளி, தையல்காரர் வீட்டு முன்னால் நின்றது. ஆவுடையப்பன் வாசலில் குழியும் இல்லை, வேர் அறுந்த அடையாளமும் இல்லை. மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

மரத்துக்குப் பெயர் சொன்னவர் ஜப்பார் ராவுத்தர். வத்தலக்குண்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர், மாதம் ஒரு முறை மினி பஸ்ஸில் மேலே வந்து வசம்பும் சதகுப்பையும் வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இது பூர்ஜ மரம், இமயமலைப் பக்கத்தில் பனிக்குள் வளர்கிறது, இதன் பட்டை எங்கள் கடையில் தகர டப்பாவில் இருக்கிறது, நாற்பது வருஷமாகப் பட்டையைத்தான் பார்த்திருக்கிறேன், மரத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். பட்டையைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் காதில் சீழ் வடிகிறவர்களுக்கு விடுவார்கள் என்றும், ஆறாத புண்ணைக் கழுவுவார்கள் என்றும், இலையை நிழலில் காயவைத்துக் கஷாயம் போட்டால் நீர்க்கடுப்புக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் கேட்கும் என்றும், பட்டையை மண்சட்டிக்குள் சுட்டு இறக்குகிற கறுப்புத் தைலம் படைக்கும் சொறிக்கும் ஆகும் என்றும், கொழுந்து விடுகிற காலத்தில் தண்டிலிருந்து சொட்டுகிற நீரைக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றும் விரல் மடக்கிச் சொன்னார். கடைசியாக, அதுவாக உதிர்ப்பதை மட்டும் எடுங்கள், கத்தி வைக்காதீர்கள் என்றார். விலை ஏதும் பேசாமல் அவர் பஸ் ஏறிப் போனதுதான் ஊருக்குப் பிடிபடவில்லை. விலை பேசாத வியாபாரி எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்றும், கத்தி வைக்காதே என்று சொன்னது மொத்தத்தையும் பிறகு அவனே வந்து அள்ளிக்கொண்டு போகத்தான் என்றும் டீக்கடையில் முடிவாயிற்று.

அதற்குள் ஆவுடையப்பனின் காது சரியாகியிருந்தது. பதினைந்து வருஷமாக அவர் இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது என்பதும், பஞ்சு வைத்து அதன் மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு அவர் சந்தைக்குப் போய்வந்தார் என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மரம் அவர் வாசலில் பட்டைச்சுருளாக உதிர்த்திருந்தது. தையல்காரர் வாசலில் இலையாக உதிர்த்தது. அவருக்குக் கல் இருந்தது. பால்காரர் வீட்டில் மூன்று நாள் நின்று, கிளை முறிந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விட்டது. அந்த வீட்டுப் பிள்ளை நிமோனியாவில் கிடந்து எழுந்திருந்தது. வைத்தியர் வீடு தேடி வருவதுபோல மரம் வருகிறது, எந்த வீட்டில் நோயோ அங்கே நிற்கிறது, எது மருந்தோ அதை உதிர்க்கிறது என்பதை மாசி முடிவதற்குள் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

தெரிந்துகொண்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. மரம் குணப்படுத்தியது உண்மைதான், ஆனால் காட்டியும் கொடுத்தது. காலையில் அறுபத்திரண்டு கதவுகளும் ஒரு விரல் அளவுக்குத் திறந்து, மரம் இன்று எங்கே என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. மரம் நின்ற வீட்டில் யாரும் டீ குடிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தனி இடம் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கு நடுவில் மரம் நின்றால், அது உங்கள் வாசல், இல்லை உங்கள் வாசல் என்று சண்டை வந்து, வயல் அளக்கிற கயிற்றைக் கொண்டுவந்து எந்த நிலைப்படி கிட்டே என்று பஞ்சாயத்தார் அளந்து தீர்ப்புச் சொன்னார்கள். தோற்ற வீட்டுக்காரர் கயிற்றைச் சந்தேகப்பட்டார். யார் வீட்டுக்கு வராமலேயே இருக்கிறதோ அவர்களையும் ஊர் விட்டுவைக்கவில்லை. மரத்துக்கு அவர்கள் ஏதோ செய்து தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆவணி மாதத்தில் மரம் குழந்தைவேல் வீட்டுக்கு வந்தது.

குழந்தைவேலுக்கு இரண்டு ஏக்கரில் பூண்டும், ஓடு வேய்ந்த வீடும், தவமணி என்கிற மனைவியும் இருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் அவனுடைய அப்பா சடையாண்டியும், இருபத்தொரு வயதில் தங்கை செண்பகமும் உண்டு. தவமணி மலை இறக்கத்தில் இருந்த அரசுப் பழத்தோட்டத்தில் கூலிக்குப் போனாள்; பேரியிலும் பிளம்ஸிலும் ஒட்டுக் கட்டுகிற வேலை. ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு மரத்தின் பட்டைக்குள் செருகிக் கட்டினால் அது பிடித்துக்கொள்கிற கை அவளுக்கு. நூறு கட்டினால் தொண்ணூற்றைந்து துளிர்க்கும் என்று தோட்டத்து மேஸ்திரி சொல்வார். செண்பகத்துக்குக் கானலூரில் மாப்பிள்ளை பேசி வெற்றிலைத் தட்டு மாற்றியிருந்தார்கள், ஐப்பசியில் கல்யாணம்.

மற்ற வீடுகளில் வாசலுக்கு நடுவே நின்ற மரம் இங்கே சுவரை ஒட்டி, ஜன்னல் இல்லாத தெற்குச் சுவருக்கு முழங்கை அளவே இடம் விட்டு நின்றது. ஒரு நாள் நின்றது, இரண்டு நாள் நின்றது, வாரம் ஆயிற்று. ஒரு இலை உதிர்க்கவில்லை. ஒரு சுருள் பட்டை விழவில்லை. ஒரு சொட்டு நீர் இல்லை. மருந்து என்ன என்று தெரியாததால் நோய் என்ன என்றும் தெரியவில்லை, நோய் என்ன என்று தெரியாததால் ஊர் எல்லா நோயையும் அந்த வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தது. காசநோய் என்றார்கள். பெரியவருக்குக் குஷ்டம், வேட்டிக்குள் மறைக்கிறார் என்றார்கள். செண்பகத்துக்கு வலிப்பு என்றார்கள். மரமே கைவிட்டுவிட்ட நோய், அதனால்தான் மருந்து தராமல் சாவுக்குக் காத்து நிற்கிறது என்று பால்காரர் வீட்டில் சொன்னதாக ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் சொன்னதைவிட வீட்டுக்குள் நடந்தது மோசமாக இருந்தது. நாலு பேரும் நல்லபடியாகச் சாப்பிட்டு நல்லபடியாகத் தூங்குகிறவர்கள், அதனால் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரில் யார் என்று பார்க்கத் தொடங்கினார்கள். சடையாண்டி மகன் எத்தனை முறை இருமுகிறான் என்று எண்ணினார். செண்பகம் அப்பா துப்பிய இடத்தைப் போய்ப் பார்த்தாள். தவமணிக்குச் செண்பகம் குளிக்க நேரமெடுப்பது புதிதாகக் கண்ணில் பட்டது, வேறு ஏதாவதோ, நாள் தள்ளிப் போய்விட்டதோ என்று அவள் துணி காயப்போடுகிற கொடியை நோட்டம் பார்த்தாள், பார்த்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பும் பட்டாள். குழந்தைவேல் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவன் தவமணியை மட்டும் பார்த்தான். சோற்றுத்தட்டில் அவள் மிச்சம் வைப்பதை, படி ஏறும்போது சுவரைப் பிடிப்பதை. ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்று, "உனக்கு ஏதாச்சும் இருந்தா எங்கிட்டயாவது சொல்லிரு" என்றான்.

"எனக்கு என்ன இருக்கணும்கிறீங்க?" என்றாள் அவள்.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான்.

கானலூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். விதைப்பூண்டு பார்க்க வந்ததாகச் சொன்னார், பூண்டு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த டீயைக் கையில் வைத்திருந்து ஆறவிட்டுக் கீழே வைத்தார். செண்பகத்தைத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னார். சுவரில் மாட்டிய காலண்டரைத் தூரத்திலிருந்து படிக்கச் சொன்னார். அவள் தேதியைப் படித்தாள், கிழமையைப் படித்தாள், அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். அவர் தலையாட்டிவிட்டு, மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாளே குழந்தைவேல் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்துவிட்டு வந்தான். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த நாலு காகிதங்களையும் சணலில் கோர்த்து மரத்திலேயே தொங்கவிட்டான், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும் என்று. ஊர் வந்து படித்தது. நாலு பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்கும் ஒன்றுமே இல்லாமல் எப்படி இருக்கும் என்று யோசித்தது. காகிதத்தில்தான் ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை கானலூரிலிருந்து வெற்றிலைத் தட்டு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அதை வாசல்படியில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனார். செண்பகம் அழவில்லை. தட்டிலிருந்த பாக்கை ஒவ்வொன்றாக எடுத்துக் கோழிக்குப் போட்டாள், கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன.

அன்று சாயங்காலம் சடையாண்டி, நாளைக்கு மரத்தை வெட்டிவிடலாம் என்றார்.

சனிக்கிழமை வெயில் ஏறியதும் ஊர் முழுக்க வந்து வேலிக்கு அப்பால் நின்றது. வெட்ட வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒரு கை கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. மரத்தால் குணமானவர்கள் அதில் இருபது பேராவது இருந்தார்கள், அவர்கள் மற்றவர்களின் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். மரம் கூரைமேல் சாயாமல் இருக்க நடுத்தண்டில் கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், கயிற்றைப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றச் சுவருக்கும் மரத்துக்கும் இடையில் ஆள் நுழைய வேண்டும். அந்த இடுக்கில் நுழைய உடம்பு வாகு தவமணிக்குத்தான் இருந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து, முதுகைச் சுவரோடு தேய்த்தபடி உள்ளே போனாள்.

அங்கே மரத்துக்கு முதுகு இல்லை.

முழங்கால் உயரத்திலிருந்து கழுத்து உயரம் வரைக்கும் வெள்ளைப் பட்டையும், அதற்குக் கீழே இருக்கிற ஈரப்பட்டையும் போய், கட்டை வெறுமனே தெரிந்தது; அதுவும் காய்ந்து வெடித்திருந்தது. சுருண்டு தொங்கிய முன்பக்கத்துப் பட்டை இத்தனை நாளும் அதை மறைத்திருந்தது. முன்னால் இரண்டு கை அகலத்துக்கு மட்டும் தோல் மிச்சம், அதன் வழியாகத்தான் வேரும் கிளையும் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. தவமணி கயிற்றை வாயிலிருந்து விட்டுவிட்டு அந்தக் காயத்தை விரலால் தடவிப் படித்தாள். பூண்டுத்தாள் நறுக்குகிற கத்தி இழுத்த இழுப்பு இருந்தது. கருக்கரிவாளின் பல் இருந்தது. சவர பிளேடு கீறியது, அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து சீவியது, தையல்காரரின் கத்தரி கடித்தது எல்லாம் இருந்தன. மரம் போய்விடும், போவதற்குள் நம் வீட்டுக்கென்று கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும், அது நின்ற வாசலிலெல்லாம் தெருவுக்குத் தெரியாத வீட்டுப் பக்கமாக வந்து, ஒரு விரல் அகலம்தானே என்று எடுத்திருக்கிறார்கள். ஒரு விரல் விரலாக மரத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவில், சாய்வாக, ஒரே இழுப்பில், பிசிறில்லாமல் வெட்டிய பத்துப் பன்னிரண்டு வெட்டுகள் இருந்தன. அது ஒட்டுக்கத்தியின் வெட்டு. சேம்பவரையில் ஒட்டுக்கத்தி ஒன்றுதான் இருந்தது, அது அவளுடைய வேலைப் பையில் இருந்தது.

அவள் வெளியே வந்தபோது முதுகெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மாமனார் கையிலிருந்த கோடாலியை வாங்கிக் கீழே வைத்தாள். "இது நம்ம வீட்டுக்கு வைத்தியம் பாக்க வரல மாமா" என்றாள். "வைத்தியம் பாத்துக்கிட வந்திருக்கு."

வேலிக்கு அப்பால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததும் மாட்டைக் கட்டாமல் வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்து, கால் மணி நேரத்தில் வேலி வெறிச்சோடிவிட்டது.

தவமணி அடுப்படிக்குப் போனாள். குழந்தைவேல் பின்னாலேயே வந்தான். அவள் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்து அடுப்புத் திண்டின் மேல் வைத்தாள். அதன் மடிப்பில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது.

"எதுக்கு எடுத்தீங்க?"

"பட்டைக்கு."

"யாருக்கு?"

அவன் கத்தியின் மடிப்பைக் கட்டைவிரலால் துடைத்தான். பிறகு சொன்னான். வைகாசியிலிருந்து, மரம் நின்ற வாசல்களுக்கு ராத்திரியில் போய் உரித்து வந்து, அவள் காலையில் குடிக்கிற காப்பித்தண்ணியில் பட்டையை ஊறவைத்துக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்குக் கேட்கிற மருந்து அவள் வயிற்றுக்கும் கேட்கும் என்று நினைத்தானாம். மரம் அவர்கள் வாசலில் வந்து நின்ற அன்று, கடைசியில் அவளுக்காகத்தான் வந்திருக்கிறது என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

"குறை எனக்குத்தான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றான்.

பதினோரு வருஷத்தில் அவளை இரண்டு டாக்டர், ஒரு நாட்டு வைத்தியர், மூன்று கோயில் பூசாரி பார்த்திருந்தார்கள். அவனை யாரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அவள் கத்தியை மடக்கிப் பையில் போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் அவனோடு பேசியது, ஏணியைப் பிடி, சாணியைக் குழை என்கிற அளவுக்குத்தான்.

வேலை அன்றைக்கே தொடங்கியது. குழந்தைவேலை மரத்தின் மேல் ஏற்றி, விரல் பருமனில் நீளமான குச்சிகளாக வெட்டி இறக்கச் சொன்னாள். ஒவ்வொரு குச்சியின் இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி, காயத்துக்குக் கீழே இருந்த நல்ல பட்டைக்குள் ஒரு முனையையும், காயத்துக்கு மேலே இருந்த நல்ல பட்டைக்குள் மறு முனையையும் செருகி, பாலம் போடுவதுபோல வரிசையாக வைத்துக் கட்டினாள். பதினான்கு குச்சி. பிடித்துக்கொண்டால் இலை சமைக்கிற சத்து இவற்றின் வழியாக வேருக்கு இறங்கும், பிடிக்காவிட்டால் மார்கழிக்குள் மரம் விறகு. கட்டின இடத்தின் மேல் செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினாள். அதன் மேல் சுற்ற அதே மரத்துப் பட்டை இருந்தால் நல்லது, வெயிலும் மழையும் படாமல் அது காக்கும். செண்பகத்தை வீடு வீடாக அனுப்பிக் கேட்கச் சொன்னாள். அறுபத்தொரு வீட்டிலும், எங்களிடம் ஏது பட்டை, நாங்கள் மரத்தைத் தொட்டதே இல்லை, அடுத்த வீட்டில் கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை மதியம் தோட்டத்திலிருந்து தவமணி திரும்பியபோது, வாசலில் மரத்தடியில் பட்டைக்கட்டுகள் குவிந்து கிடந்தன. வாழைநாரில் கட்டியது, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றியது, பால் கேனுக்குள் சுருட்டித் திணித்தது. யார் வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், அன்று மதியம் பூராவும் தலைவலி என்று கதவைச் சாத்திப் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். செண்பகம் எண்ணிப் பார்த்தாள். கேட்டுப் போன வீடு அறுபத்தொன்று, கட்டுகள் அறுபத்துநான்கு. இது எப்படியோ வெளியே தெரிந்துபோய், அதிகப்படியான மூன்று கட்டு யாருடையது, இரண்டு முறை எடுத்தவர்கள் யார் என்று சேம்பவரை ஐப்பசி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தது. ஜப்பார் ராவுத்தர் அந்த மாதம் வந்தபோது கட்டுகளையும் மரத்தையும் பார்த்துவிட்டுப் போய், தன் கடை டப்பாவில் இருந்த பட்டையையும் மறு மாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது வேறு எந்த மலையிலோ உரித்தது. தவமணி அதையும் சுற்றினாள்.

மழை நாற்பது நாள் விடாமல் பெய்தது. மழைக்கு நடுவில் ஒரு நாள், கானலூர் மாப்பிள்ளை யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாக மினி பஸ்ஸில் வந்து இறங்கினான். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே இருந்த குடத்தை எடுத்து நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்தபடியே வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் அவன் வேட்டியில் கொட்டியது. பிறகு காலண்டர் எங்கே என்று கேட்டான். செண்பகம் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், வெளியே வந்து அவன் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது, தாய்மாமன் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாசியில் மரம் துளிர்த்தது. பதினான்கு குச்சியில் பதினொன்று பிடித்திருந்தன. அவை பருத்து, மரத்தின் முதுகில் விலா எலும்புகள்போல் வரிசையாகத் தெரிந்தன. பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முந்தி வாசல் காலியாக இருந்தது. அறுபத்திரண்டு கதவுகள் திறந்து பார்த்தன, எந்த வாசலிலும் மரம் இல்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. ஊர்க்காரர்கள் கொல்லைகளிலும் வைக்கோல் போர்களுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார்கள். யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். வனக்காவலர் வந்து மரம் எங்கே என்று கேட்டு, திருடி விற்றுவிட்டதாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் குழந்தைவேல், யாரும் கேட்காமல், "திங்கக்கிழம தேனிக்குப் போயி என்னயக் காட்டிட்டு வரலாம்னு இருக்கேன்" என்றான். தவமணி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் வெளியே போக வழியில்லை. வாசல் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பலாமரம் நின்றது. அந்த உயரத்தில் பலா கிடையாது. நாற்பது கிலோமீட்டர் கீழே, பெரியகுளத்துப் பக்கத்துத் தோப்பு எதிலிருந்தோ ஏறி வந்திருக்க வேண்டும். வேரெல்லாம் சமவெளிக் கரிசல் அப்பியிருந்தது, இலைகள் வேர்த்ததுபோல் நனைந்திருந்தன, மூன்று காய்கள் வழியில் விழுந்துபோன காம்பிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வேலிக்கு வெளியே, அரசுத் தோட்டத்துப் பேரி ஒன்று தண்டில் அழுகலோடு தன் முறைக்குக் காத்து நின்றது. தவமணி வந்து பார்த்தாள், பலாவின் தண்டைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள், பூச்சி உள்ளே போயிருந்தது.

"நான் இருந்து பிடிக்கட்டா?" என்றான் குழந்தைவேல்.

"நீங்க பஸ்ஸப் பாருங்க. இத நான் பாத்துக்கிறேன்."

அவன் வேருக்கும் நிலைப்படிக்கும் இடையில் குனிந்து வெளியே போனான். அன்று முழுக்க ஊர் வேலியோரம் வந்து வந்து நின்றது. பலாக்காய் பழுத்தால் யாருக்கு என்று ஒரு கூட்டம் பேசியது. அரசாங்கத்துப் பேரி இவள் வீட்டுக்கு எப்படி வந்தது, இவள்தான் தோட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வரவழைக்கிறாளா என்று இன்னொரு கூட்டம் பேசியது. தவமணி துளையைக் கம்பியால் குடைந்து பூச்சியை எடுத்து, வேப்பெண்ணெய்த் துணி அடைத்து, ஏணியில் நின்று சாணி மண் பூசிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால பஸ்ஸில் குழந்தைவேல் வந்தான். அவன் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஏணியடியில் வந்து அதை மேலே நீட்டினான்.

"கையெல்லாம் சாணி" என்றாள் அவள். "நீங்களே வாசிங்க."

அவன் விரித்து வாசிக்கப் பார்த்தான், அதில் பாதி புரியாத எழுத்து. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தவமணியின் பழைய சீட்டுகளையும் பார்த்துவிட்டு டாக்டர் வாயால் சொன்னதைச் சொன்னான்: குறை அவனிடம்தான், பிறந்ததிலிருந்தே அவனிடம்தான், தவமணியிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. மெதுவாகச் சொல்லத்தான் தொடங்கினான், பாதியில் நிறுத்தி வேலிப் பக்கம் திரும்பி நின்று, அங்கே நிற்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னான்.  இதில் சந்தேகப்பட வேலியோரத்தில் நின்றவர்களுக்கு எதுவும் அகப்படவில்லைபோல.

தவமணி பூச்சை உள்ளங்கையால் ஒரு முறை அழுத்திவிட்டாள். பிறகு தோளில் கிடந்த சாக்குத்துணியை எடுத்து, ஒரு நுனியை அவனிடம் இறக்கினாள்.

"இதப் பிடிச்சுக்கிட்டு மரத்தச் சுத்தி வாங்க" என்றாள். "ரொம்ப இறுக்காதீங்க, மூச்சு விடணும்."

அவன் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான்.